பிரான்சின் பின்கட்டு

விடியாத இருட்டில் காய்கறி வண்டிகள் வரிசையாகப் பாரிஸை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. முட்டைக்கோஸ், கேரட், டர்னிப் என்று ஆளுயரக் குவியல்கள். வண்டிக்காரர்கள் கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குகிறார்கள், குதிரைகளுக்கு வழி தெரியும். திடீரென்று முன்னால் போகிற குதிரை நின்றுவிடுகிறது, பின்னால் வருகிற அத்தனை வண்டிகளும் நிற்கின்றன. சாலையில் குறுக்கே ஒரு மனிதன் கிடக்கிறான். குடித்துவிட்டு விழுந்தவன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முதல் வண்டியை ஓட்டிவந்த பெண் மட்டும் இறங்கிப் போய்ப் பார்க்கிறாள், அவன் பசியில் சுருண்டு கிடக்கிறவன். தூக்கித் தன் காய்கறிக் குவியலின் மேல் போட்டுக்கொள்கிறாள். ஒரு நகரமே சாப்பிடப்போகும் உணவின் மேல் படுத்துக்கொண்டு, பட்டினியோடு அவன் பாரிஸுக்குள் நுழைகிறான்.

எமில் ஸோலா 1873-இல் வெளியிட்ட ‘பாரிஸின் வயிறு’ நாவலின் ஆரம்பம் இது. பிரெஞ்சு வாழ்க்கையைப் பற்றி எந்தப் புத்தகம் கிடைத்தாலும் விடாமல் படிக்கிற ஆள் நான். நாவல், தன்வரலாறு, சமையல் நினைவுகள், வரலாறு, துப்பறியும் கதை, எதுவானாலும் சரி. பிரெஞ்சு மொழியில் படிப்பதில்லை, ஆங்கிலத்திலும் தமிழிலும் வருவதைத்தான் படிக்கிறேன். இத்தனை வருடத்தில் சேர்ந்த புத்தகங்களில் எது திரும்பத் திரும்பக் கைக்கு வருகிறது என்று பார்த்தால், அநேகமாக எல்லாமே வேலை செய்கிறவர்களைப் பற்றியவையாக இருக்கின்றன.

நம் பழைய வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு என்று இருக்கும். வருகிறவர்கள் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். அந்த வீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது, யாருக்கு என்ன கஷ்டம், இன்றைக்கு அரிசி இருக்கிறதா என்பதெல்லாம் அடுப்படியிலும் கிணற்றடியிலும்தான் தெரியும். பிரான்சின் முன்கட்டைக் காட்டுகிற புத்தகங்களுக்குப் பஞ்சமே இல்லை. கோபுரம், நதிக்கரை, ஒயின், காதல். அவற்றிலும் நல்லவை உண்டு, நான் படிக்காமல் விட்டதில்லை. ஆனால் ஒரு நாட்டின் மீது பிரியம் வருவது பின்கட்டு வரைக்கும் போய்ப் பார்த்த பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, பிரெஞ்சு எழுத்து நம்மை அங்கே தயங்காமல் கூட்டிப்போகிறது.

ஸோலாவுக்கே திரும்புகிறேன். அவர் எழுதிய சந்தையின் பெயர் லே ஆல். பாரிஸின் நடுவே இரும்பும் கண்ணாடியுமாக விக்தர் பால்த்தார் கட்டிய பிரம்மாண்டமான மண்டபங்கள், மூன்றாம் நெப்போலியன் காலத்துக் கட்டுமானம். ஸோலா குறிப்பேட்டோடு அங்கே போய், விடிகாலை, நடுப்பகல், ராத்திரி என்று வெவ்வேறு நேரங்களில் சுற்றியிருக்கிறார். அதனால்தான் நாவலில் மீன் ஏலம் நடக்கும் சத்தமும், நிலத்தடி அறைகளில் அடைத்திருக்கும் கோழிகளின் வாடையும், வெண்ணெய் பிசைகிற கைகளும் அப்படி வருகின்றன. பசியில் விழுந்து கிடந்தவன் பெயர் ஃப்ளோரான். 1851 டிசம்பரில், பிறகு மூன்றாம் நெப்போலியன் ஆன லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது தெருவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், இறந்துபோன ஒரு பெண்ணின் ரத்தம் கையில் பட்டிருந்தது என்பதற்காகக் கைதாகி, தென்னமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்கள் கைதிகளை அனுப்பிவந்த கயேனுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கிருந்து தப்பித்து வந்தவன். தம்பி இப்போது பன்றி இறைச்சிக் கடைக்காரன், தம்பி மனைவி லீஸா கடையின் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை ஏப்ரன் கட்டிய அழகி.

ஒரு அத்தியாயத்தில் கடையின் பின்னால் உள்ள சமையலறையில் ரத்த சாஸேஜ் செய்துகொண்டிருக்கிறார்கள். அடுப்பில் கொழுப்பு உருகுகிறது, வெங்காயம் வதங்குகிறது, எல்லோர் முகத்திலும் எண்ணெய்ப் பளபளப்பு. வீட்டுக் குழந்தை கதை கேட்கிறது. ஃப்ளோரான் யாரோ ஒருவனுக்கு நடந்த மாதிரி தன் கதையைச் சொல்கிறான்: தீவில் புழு மண்டிய சோறு, தப்பித்து ஓடிய நாட்கள், சாப்பாடே இல்லாமல் கழிந்த மூன்று நாள். சாஸேஜ் வேலை நடுவில் நிற்கவே இல்லை, கதையும் வேலையும் மாறி மாறி வருகின்றன. லீஸாவுக்குப் பரிதாபம் வரவில்லை. மூன்று நாள் சாப்பிடாமல் ஒருவன் இருக்க முடியும் என்பதையே அவளால் ஏற்க முடியவில்லை, அப்படி இருந்தவன் ஒழுங்கான மனிதனாக இருக்க முடியாது என்று நினைக்கிறாள். வயிறு நிறைந்தவர்கள் பசித்தவர்களைப் பற்றி மனசுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்பதை இவ்வளவு நேராக எழுதிய வேறு பக்கங்களை நான் படித்ததில்லை. லீஸா கெட்டவள் இல்லை, சுத்தமானவள், கணக்கு சரியாக வைத்துக்கொள்பவள், யாரையும் ஏமாற்றாதவள். கடைசியில் அவள்தான் ஃப்ளோரானைக் காட்டிக்கொடுக்கக் காவல்துறைக்குப் போகிறாள். அங்கே போன பிறகுதான் தெரிகிறது, அந்தப் பேட்டையில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே அவனைப் பற்றி மொட்டைக் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்த இடத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சீஸ் கடையில் மூன்று பெண்கள் ஊர்வம்பு பேசுகிற பகுதி இந்த நாவலில் ரொம்பப் பிரசித்தம். ஒருவனுடைய வாழ்க்கையை அவர்கள் வார்த்தைகளால் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது சுற்றிலும் உள்ள ஒவ்வொரு சீஸும் தன் பங்குக்கு நாற்றத்தைக் கிளப்புகிறது. உணவைப் பற்றி இவ்வளவு ஆசையோடும் இவ்வளவு கோபத்தோடும் ஒரே சமயத்தில் எழுத முடியும் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தச் சந்தை இன்று இல்லை. 1969-இல் அது நகரத்துக்குத் தெற்கே ரன்ழிஸ் என்ற இடத்துக்கு மாறியது, 1971 முதல் பால்த்தாரின் மண்டபங்களை இடித்தார்கள். ஒன்றை மட்டும் பிரித்து எடுத்துப்போய் நோழான்-சுர்-மார்ன் என்ற ஊரில் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். ரன்ழிஸ் 234 ஹெக்டேர் பரப்பில் இருக்கிறது. இன்றைக்கும் பாரிஸ் தூங்கும்போது அங்கே வியாபாரம் நடக்கிறது.

அடுத்து அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்ட். ‘என் பிரான்ஸ் வாழ்க்கை’ என்று பொருள்படும் அவருடைய நினைவுக் குறிப்பு, அவர் 2004-இல் இறந்த பிறகு, கணவர் வழிப் பேரன் முறையான அலெக்ஸ் ப்ருதோம் எழுதி முடித்து 2006-இல் வந்தது. சோர்ந்து போகிற நாட்களில் நான் எடுக்கிற புத்தகம் இது, இதில் அவ்வளவு சந்தோஷம் இருக்கிறது. 1948 நவம்பரில் கணவரின் அமெரிக்க அரசாங்க வேலை காரணமாகக் கப்பலில் லெ ஆவ்ர் துறைமுகத்தில் வந்து இறங்குகிறார். 36 வயது. பிரெஞ்சு பேச வராது, சமைக்கவும் பெரிதாகத் தெரியாது. பாரிஸுக்குக் காரில் போகிற வழியில் ருவான் நகரத்தில் மதியச் சாப்பாடு: சிப்பி, வெண்ணெயில் வறுத்த சோல் மீன், சாலட். அந்த ஒரு வேளைச் சாப்பாடு தன் வாழ்க்கையைத் திருப்பிவிட்டதாக அவர் சொல்வதை நான் முழுக்க நம்புகிறேன். படிக்கும்போது அந்த மீனின் வெண்ணெய் வாசனை நமக்கே வருகிறது, இத்தனைக்கும் அதில் பெரிய வர்ணனை எதுவும் கிடையாது.

அப்புறம் கோர்தோன் ப்ளு சமையல் பள்ளி, அங்கே மேக்ஸ் பூன்யார் என்ற வயதான தலைமைச் சமையல்காரரிடம் பாடம். மயோனீஸ் ஏன் சில சமயம் திரிந்துபோகிறது என்று கண்டுபிடிக்க அவர் செய்து பார்த்த மயோனீஸ் கொஞ்சநஞ்சம் இல்லை, வீட்டில் தின்று தீராமல் கழிவறையில் கொட்டினாராம். என்னை அதிகம் ஈர்த்தது கடைத்தெருப் பகுதிதான். பக்கத்துத் தெருச் சந்தையில் காய்கறி விற்கிற மரி என்ற ஒரு பெண்மணியிடம் எந்த மாதத்தில் எந்தக் காய், எந்த உருளைக்கிழங்கு எந்தச் சமையலுக்கு என்று கற்றுக்கொள்கிறார். அவசரமாக வந்து வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்குச் சுமாரான சரக்கு, நின்று நாலு வார்த்தை பேசுகிறவர்களுக்கு நல்ல சரக்கு. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. வியாபாரம் என்பது இரண்டு மனிதர்களுக்கு நடுவே நடப்பது என்று அங்கே எல்லோரும் நினைத்தார்கள், அவரும் அதற்குப் பழகிக்கொண்டார்.

பிரெஞ்சு ரொட்டியை அமெரிக்க வீட்டு அடுப்பில் செய்யும் முறையைக் கண்டுபிடிக்க அவரும் கணவரும் 280 பவுண்டுக்கு மேல் மாவு செலவழித்தார்கள். நியாயம்தான், ரொட்டி அந்த நாட்டில் விளையாட்டு விஷயம் இல்லை. 1789 அக்டோபரில் பாரிஸின் சந்தைப் பெண்கள் வெர்சாய் வரைக்கும் மழையில் நடந்து போனது ரொட்டிக்காக. மறுநாள் அரச குடும்பத்தைப் பாரிஸுக்குக் கூட்டிவரும்போது, ரொட்டிக்காரரையும் ரொட்டிக்காரர் மனைவியையும் அவர்கள் பையனையும் கொண்டுவருகிறோம் என்று கூவிக்கொண்டே வந்தார்கள். ரொட்டி இல்லாவிட்டால் பிரியோஷ் என்ற வெண்ணெய் ரொட்டியைச் சாப்பிடட்டும் என்று அரசி மரி அந்துவானெத் சொன்னதாக எல்லோரும் சொல்லும் கதைக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ரூஸோ தன் தன்வரலாற்றில் பெயர் சொல்லாத ஒரு இளவரசியைப் பற்றி அதை எழுதியபோது மரி அந்துவானெத் சிறுமி. 1993-இல் வந்த அரசாணை, ‘பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி’ என்று பெயர் வைத்து விற்றால் அதில் ரசாயனச் சேர்மானம் கூடாது, எந்தக் கட்டத்திலும் அதை உறைய வைத்திருக்கவும் கூடாது என்கிறது. 2022-இல் யுனெஸ்கோ பகெத் என்ற நீள ரொட்டியைச் செய்யும் கைவினையைத் தன் பட்டியலில் சேர்த்தது. இதையெல்லாம் படித்த பிறகு, விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு மாவு பிசைய எழுந்திருக்கும் ஒரு ஆளின் நினைப்பு இல்லாமல் பிரெஞ்சு ரொட்டியைப் பற்றி என்னால் யோசிக்க முடிவதில்லை.

ஜூலியா சைல்டை முடித்த கையோடு ஜார்ஜ் ஆர்வெலைப் படிக்க வேண்டும் என்று பலரிடமும் சொல்லியிருக்கிறேன். பிகாரில் மோதிஹாரியில் பிறந்து, பர்மாவில் காவல்துறையில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு 1928-இல் பாரிஸுக்குப் போனவர். பாரிஸிலும் லண்டனிலும் பட்ட வறுமையைப் பற்றிய அவருடைய புத்தகம் 1933-இல் வந்தது. கையில் காசு தீர்ந்து, துணிமணிகளை அடகு வைத்து, போடா என்றால் போகிற நிலைமையில் ஒரு பெரிய ஹோட்டலின் நிலத்தடியில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்கிறார். தாழ்வான கூரை, அடுப்பின் அனல், தரையெல்லாம் குப்பையும் சோப்புத் தண்ணீரும், ஒருவர் மேல் ஒருவர் கத்தல். நடுவில் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டும் நொடியில் பரிமாறுகிறவரின் தோள் நிமிர்கிறது, முகத்தில் இருந்த எரிச்சல் போய்விடுகிறது, ஒரு பாதிரியார் மாதிரி மிதந்து போகிறார். அந்தப் பக்கம் வெள்ளை மேசைவிரிப்பு, பூ, கண்ணாடி. இந்தப் பக்கம் நாம் சாப்பிட நினைத்தால் குமட்டுகிற அழுக்கு. அடுத்து அவர் சேர்ந்த சின்ன உணவகத்தில் ஒரு நாளைக்குப் பதினேழு மணி நேர வேலை. நடுநடுவே அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த உழைப்பு யாருக்காவது உண்மையில் தேவையா, அல்லது சொகுசு என்ற பெயருக்காக மட்டும் ஒரு மனிதனை இப்படி நசுக்கி வைத்திருக்கிறார்களா? வருடம் நூறு ஆகப்போகிறது, அந்தக் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

ஆர்வெல் கழுவிய தொட்டிகளில் பின்னாளில் கைவைத்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. 1980களிலிருந்து பாரிஸுக்குப் போன ஈழத்தமிழர்களில் எத்தனையோ பேர் உணவகங்களின் பின்பக்கத்தில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள், கோப்பை கழுவினோம் என்று அவர்களே சொல்வார்கள். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா சப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகள் நிறைந்த தெருக்கள் அப்படி வந்தவர்களால் உருவானவை. பிரான்சில் வாழும் ஷோபாசக்தியின் கதைகளை நான் பிரெஞ்சு வாழ்க்கையைப் பற்றிய புத்தகங்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறேன். அகதி விண்ணப்பம், வதிவிட அட்டை, குளிரில் வேலைக்கு ஓட்டம், அறையில் ஐந்தாறு பேராகப் படுக்கை. இதுவும் பாரிஸ்தான், வேறு எதுவும் இல்லை. 2015-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை வாங்கிய ‘தீபன்’ படத்தில் அவர் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தபோது பிரெஞ்சுக்காரர்கள் பலர் அந்தப் பின்கட்டை முதல்முறையாகப் பார்த்திருப்பார்கள்.

பாரிஸை விட்டு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது தெற்கே உள்ள ப்ரொவான்ஸ். அதற்கு ஒரு காரணம் பீட்டர் மேல். மெனெர்ப் என்ற கிராமத்தில் பழைய பண்ணை வீட்டை வாங்கிக் குடியேறிய ஆங்கிலேயர், ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை மாதத்துக்கு ஒரு அத்தியாயமாக 1989-இல் எழுதிய புத்தகம் உலகம் முழுக்க விற்றது. மிஸ்த்ரால் என்ற குளிர்காற்று குழாய்களை வெடிக்க வைப்பது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத கொத்தனார்கள், காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தில் ரகசியமாக விற்கப்படும் ட்ரஃபிள் காளான். படிக்க இதமான புத்தகம், சாப்பாட்டு நேரத்தின் மேல் அந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கும் மரியாதையை நன்றாகப் பிடித்திருக்கிறார். புத்தகத்தைப் படித்துவிட்டு வாசகர்கள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்க ஆரம்பித்து, சில காலம் அந்த நாட்டையே விட்டு அமெரிக்கா போய் இருந்துவிட்டுத்தான் திரும்பினார். எனக்கு அதில் ஒரு குறை உண்டு: அக்கம்பக்கத்தார் நமக்கு வேடிக்கை காட்டுவதற்காகவே வாழ்கிறவர்கள் மாதிரி வருகிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் நாம் ஒரு தரமும் போவதில்லை.

போக வேண்டுமென்றால் மர்ஸேல் பான்யோல் இருக்கிறார். ஒபாஞ் ஊரில் 1895-இல் பிறந்தவர், தன் சிறுவயதைப் பற்றி 1957-இல் எழுதிய ‘என் தந்தையின் பெருமை’ ப்ரொவான்ஸ் மலைகளைப் பற்றிய புத்தகம் என்பதை விட ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரைப் பற்றிய புத்தகம். அப்பா ஜோஸெஃப் குடியரசின் மதச்சார்பற்ற பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பாதிரியார்களையும் சாராயத்தையும் அறவே நம்பாதவர். அம்மாவின் சகோதரியுடைய கணவர் ழூல் பக்தி நிறைந்த கத்தோலிக்கர், ஒயின் பிரியர். கோடை விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில். அரசுக்கும் தேவாலயத்துக்குமான உறவை 1905-இல் சட்டம் போட்டு அறுத்துக்கொண்ட ஒரு நாடு தன் வீட்டுக்குள் அந்தச் சண்டையை எப்படி நடத்தியது என்பதை அந்தச் சாப்பாட்டு மேசையில் பார்த்துவிடலாம். சக ஆசிரியர் ஒருவர் தான் பிடித்த மீனோடு படம் எடுத்துக்கொண்டதை அப்பா தற்பெருமை என்று கேலி செய்தவர். பிறகு வேட்டையில் இரண்டு அபூர்வமான கௌதாரிகளை ஒரே சமயத்தில் சுட்டு வீழ்த்திவிட்டு, அவற்றை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு அவரே படத்துக்கு நிற்கிறார், அதுவும் ஊர்ப் பாதிரியார் எடுக்கிற படத்துக்கு. பையன் அதைப் பார்க்கிறான். அப்பாவும் சாதாரண மனிதர்தான் என்று தெரிந்த அந்த இடத்தில் அவர்மேல் அவனுக்குப் பாசம் கூடிவிடுகிறது.

இந்தக் கிராமங்களெல்லாம் ஒரு காலத்தில் பிரான்சாகவே இல்லை என்று எனக்குப் புரியவைத்தது கிரஹாம் ராப் 2007-இல் எழுதிய வரலாற்று நூல். சைக்கிளில் பிரான்ஸ் முழுக்கச் சுற்றிவிட்டு எழுதியவர். 1740களில் பிரான்ஸ் முழுவதையும் அளந்து வரைந்த காஸினி வரைபடத்துக்காக நிலம் அளக்கப் போன ஒரு இளைஞனை லெ ஸெஸ்தாப்ல் என்ற மலைக்கிராமத்து மக்கள் வெட்டிக் கொன்றதில் புத்தகம் ஆரம்பிக்கிறது, ஏதோ கருவியை வைத்துக்கொண்டு பேச்சும் புரியாமல் நிற்கும் ஆளைப் பார்த்து அவர்களுக்குப் பயம். 1794-இல் புரட்சி அரசுக்கு அபே கிரெகுவார் கொடுத்த அறிக்கையின்படி குறைந்தது 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சு அறவே தெரியாது, சுத்தமாகப் பேசத் தெரிந்தவர்கள் 30 லட்சத்துக்கு மேல் இல்லை. மொத்த மக்கள்தொகை இரண்டரைக் கோடிக்கும் மேல். ப்ரெத்தோன், ஆக்ஸிதான், பாஸ்க், அல்ஸாஸிய மொழி, இன்னும் எத்தனையோ பேச்சுகள். பின்னாளில் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு கட்டையோ செருப்போ தொங்கவிடுவார்கள், அடுத்து பேசி மாட்டுகிறவனுக்கு அது கைமாறும், சாயங்காலம் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. மொழிக்காகப் பெருமை கொள்ளும் நாடு என்று நாம் பிரான்சைப் புகழ்கிறோம். அந்தப் பெருமைக்கு எத்தனை பிள்ளைகள் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு முழுமையாகும். லாந்த் பகுதியில் சதுப்பு நிலத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் நாள் முழுக்க மரக்கால் கட்டிக்கொண்டு நடந்தது போன்ற செய்திகள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன, நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடிகிறது.

கடைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஸோலாவே 1883-இல் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியைப் பற்றித் தனி நாவல் எழுதினார். அரிஸ்தித் பூசிக்கோ வளர்த்தெடுத்த போன் மார்ஷே கடைதான் அதற்கு முக்கியமான முன்மாதிரி. விலை எழுதி ஒட்டுவது, பேரம் இல்லை, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், வருடத்துக்கு ஒருமுறை வெள்ளைத் துணி விற்பனை என்று நமக்கு இன்று பழகிப்போனவை அப்போது பெரிய புதுமைகள். நோர்மாந்தியிலிருந்து இரண்டு தம்பிகளோடு வந்து வேலைக்குச் சேரும் தெனீஸ் என்ற பெண், கடையின் மேல் மாடியில் சின்ன அறையில் தூங்கி, நாள் முழுக்க நின்று, வியாபாரம் மந்தமான மாதங்களில் எப்போது நீக்குவார்களோ என்று பயந்து வாழ்கிறாள். எதிர்த்தெருவில் அவளுடைய சொந்தப் பெரியப்பாவின் துணிக்கடை இந்த அங்காடியால் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது. ஸோலாவுக்கு அந்தப் பெரிய கடை மேல் மயக்கமும் இருக்கிறது, செத்துப்போகும் சின்னக் கடைகள் மேல் இரக்கமும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். காதல் கதையாக முடிவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் கடை நடக்கிற விதத்துக்காக இரண்டு தரம் படிக்கலாம்.

இதற்கு 130 வருடம் கழித்து ஆனி எர்னோ அதே வேலையைச் செய்தார். பாரிஸுக்கு வெளியே ஸெர்ழி என்ற புதுநகரத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓஷான் ஹைப்பர்மார்க்கெட்டுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் பார்த்ததை, 2012 நவம்பர் தொடங்கிக் கிட்டத்தட்ட ஒரு வருடம் குறித்துவைத்து, 2014-இல் சின்னப் புத்தகமாக வெளியிட்டார். தள்ளுவண்டியில் என்ன இருக்கிறது என்பதை வைத்து வரிசையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் எடைபோடுவது, காசாளர் இல்லாத தானியங்கி இயந்திரங்கள், பர்தா அணிந்த பெண்கள் எந்த நேரத்தில் வருகிறார்கள், மாதக் கடைசியில் கூட்டம் எப்படி மாறுகிறது. மலிவு விலைச் சட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு வங்கதேசத்தில் இறந்துபோன தையல் தொழிலாளர்களையும் அவர் நினைத்துக்கொள்கிறார். இலக்கியத்துக்குத் தகுதி இல்லாத இடம் என்று யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு இடத்தை நோபல் பரிசு வாங்கப்போகிற ஒருவர் இவ்வளவு அக்கறையோடு பார்த்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

எர்னோவின் எல்லாப் புத்தகங்களிலும் எனக்கு நெருக்கமானது அவருடைய அப்பாவைப் பற்றியது, 1983-இல் வந்தது, நூறு பக்கம்தான் இருக்கும். பிரான்சைப் பற்றி ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்று சொல்கிறவருக்கு இதைக் கொடுப்பேன். தாத்தா வண்டிக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர், வீட்டில் யாராவது புத்தகத்தில் மூழ்கியிருப்பதைப் பார்த்தால் அவருக்குக் கோபம் தலைக்கேறும். அப்பா சின்ன வயதிலேயே பள்ளியை விட்டுப் பண்ணை வேலைக்குப் போனவர், பிறகு ஆலைத் தொழிலாளி, பிறகு நோர்மாந்தியில் இவ்தோ என்ற சிற்றூரில் மளிகைக் கடையும் காப்பிக் கடையும் சேர்ந்த ஒரு சின்ன வியாபாரம். கடனுக்கு வாங்குகிறவர்கள், அதே காப்பிக் கடையில் தினமும் வந்து உட்கார்ந்து குடிக்கும் கிழவர்கள், புதிய பெரிய கடைகள் வந்ததும் குறைந்துபோன வாடிக்கை. மகள் படிக்கிறாள், ஆசிரியைக்கான தேர்வில் தேறுகிறாள். அதற்கு இரண்டு மாதத்தில் அப்பா இறந்துபோகிறார். புத்தகம் அங்கேதான் தொடங்குகிறது.

அப்பா பேசும் பிரெஞ்சை மகள் திருத்தினால் அவருக்குக் கோபம் வந்துவிடும். படித்தவர்கள் நடுவே தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று வாழ்நாள் முழுக்கப் பயந்தவர். மகளைச் சைக்கிளில் உட்கார வைத்து, மழையிலும் வெயிலிலும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். இரண்டு கரைகளுக்கு நடுவே ஆள் ஏற்றிப்போகிற படகோட்டி என்று எர்னோ அவரைச் சொல்கிறார். தன்னை மதிக்காத ஒரு உலகத்துக்குள் தன் மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதே அவருடைய பெரிய பெருமையாக இருந்திருக்கலாம் என்று கடைசியில் எழுதும்போது, அலங்காரமாக ஒரு சொல் கூட இல்லை. அழவைக்க வேண்டும் என்று அவர் முயற்சிக்கவே இல்லை, நான் அழுதேன். வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்குப் போன யாருக்கும் இந்தப் புத்தகத்தை விளக்க வேண்டியதில்லை. அப்பா, அம்மா பேசுகிற பேச்சுக்கும் தான் எழுதுகிற எழுத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அவர்கள் ஏற்கெனவே நடந்து பார்த்தவர்கள்.

ழார்ழ் பெரெக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1974 அக்டோபரில் மூன்று நாள் ஸான் சுல்பீஸ் சதுக்கத்தில் காப்பிக் கடைகளில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார்: 96-ஆம் எண் பேருந்து போகிறது, புறாக்கள் கிளம்பிச் சுற்றிவிட்டு உட்காருகின்றன, பச்சை நிறக் கார், குடை பிடித்த பெண். ஐம்பது அறுபது பக்கம், கதை கிடையாது. சிலருக்குப் பத்துப் பக்கத்தில் அலுத்துவிடும். எனக்கு அது பிரெஞ்சு எழுத்தின் அடிப்படைக் குணத்தையே காட்டுகிறது: எது சாதாரணமோ அதன் முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருப்பது.

தமிழில் இந்த வாசிப்புக்கு நல்ல பாதை ஏற்கெனவே இருக்கிறது. விக்தர் ஹ்யூகோவின் ‘லே மிஸெராப்ல்’ நாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று கொண்டுவந்தார், 1950-இல் அது படமாகவும் வந்தது. ஜாவேர் பாத்திரத்தில் நடித்த சீதாராமனுக்கு ஜாவர் என்ற அடைமொழி கடைசிவரை நிலைத்துவிட்டது. காம்யுவின் ‘அந்நியன்’, மதனகல்யாணியுடன் சேர்ந்து செய்த ‘குட்டி இளவரசன்’ என்று வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகச் செய்த மொழிபெயர்ப்புகள் க்ரியா பதிப்பகம் வழியாக வந்து இரண்டு மூன்று தலைமுறை வாசகர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்துகொண்டு நாகரத்தினம் கிருஷ்ணா தொடர்ந்து எழுதியும் மொழிபெயர்த்தும் வருகிறார். ஆங்கிலம் வழியாக வராமல் நேராக வருகிற பிரெஞ்சு வாக்கியத்துக்கு ஒரு தெளிவு இருக்கிறது, ‘அந்நியன்’ முதல் பக்கத்திலேயே அதை உணரலாம்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. ஸோலாவின் சந்தை நாவலை அப்படி நேராகப் பிரெஞ்சிலிருந்து, நம் சந்தைகளை நன்றாகத் தெரிந்த ஒருவர் தமிழில் செய்ய வேண்டும். ஏலம், கமிஷன் மண்டி, கூறு, தரகு, சில்லறைக்கு எடுப்பவர், விடியற்காலை லோடு இறக்குபவர், மீன் அரிபவர் என்று அந்த நாவலுக்குத் தேவையான எல்லாவற்றுக்கும் நம்மிடம் புழங்குகிற சொல் இருக்கிறது, வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. அந்த மீன்காரிகள் சண்டை போடும் பக்கங்களை மட்டும் தயவுசெய்து யாரும் சுத்தத் தமிழில் எழுதிவிட வேண்டாம்.